ஹோஸ்டிங் ரிவ்யூக்களில் பொய்யானது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிங்கப்பூர் தேக்காவில் இருக்கும் உங்கள் தையல் கடைக்கு வெப்சைட் தொடங்க வேண்டும், ஆனால் எந்த ஹோஸ்டிங்கை (வெப்சைட்டை இணையத்தில் வைத்திருக்க இடம் தரும் சேவை) பார்த்தாலும் ஐந்து நட்சத்திரமாக இருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மூன்று நட்சத்திர ரிவ்யூக்களைப் படியுங்கள். காசு கட்டியவர், "சனிக்கிழமை இரவு சைட் படுத்துவிட்டது, சாட்டில் 40 நிமிடம் காத்திருந்தேன்" என்று எழுதுவார். பொய் ரிவ்யூவில் "அருமையான சேவை, நல்ல வேகம்" என்பதைத் தாண்டி ஒன்றும் இராது. எழுதியவரின் பெயரைத் தட்டிப் பாருங்கள். வாழ்நாளில் அந்த ஒரே ரிவ்யூ மட்டும் என்றால் நான் நம்பமாட்டேன்.

நிஜமான ஆளின் கணக்கு என்பதும் போதாது. 2024இல் இங்கே சிங்கப்பூரில் ஒரு கார் பராமரிப்புக் கடையில், வாரண்டி பதிகிறோம் என்று வாடிக்கையாளரின் போனிலிருந்தே ஐந்து நட்சத்திரம் போட்டதைப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் கண்டுபிடித்தது.

'டாப் 10' பட்டியல்கள் இன்னும் மோசம். பெரும்பாலும் நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் என்ற இரண்டு ஹோஸ்டிங்குகளை மோதவிட்டு எழுதுவார்கள். இரண்டுமே நியூஃபோல்ட் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்துடையவை.

முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். பணம் கட்டும் முன்பே சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்பி, எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.