பெட்டகத்து நாடாக்கள்: பீச் பாய்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

‘பீச் பாய்ஸ்’ என்ற அமெரிக்க இசைக்குழுவின் மூளையாக இருந்த பிரையன் வில்சன் 2025 ஜூன் 11 அன்று மறைந்தபோது இந்தப் பக்கத்தில் எழுதிய அஞ்சலிக்குப் பிறகு வந்த கடிதங்கள் இன்னும் ஓயவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல இடமில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒத்திகையையும் பிழையான பதிவுகளையும் பெட்டி பெட்டியாக வெளியிடுகிறார்களே, ரசிகர்களின் பணத்தைக் கறப்பதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது?

பணமும் இருக்கிறது, மறுக்கவில்லை. சட்டமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒலிப்பதிவுகளின் காப்புரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியது. ஆனால் பதிவாகி 50 ஆண்டுக்குள் வெளியிடப்படாத பதிவுக்கு அந்த நீட்டிப்புக் கிடையாது. அதனால்தான் 1963-ஆம் ஆண்டு நாடாக்கள் 2013 டிசம்பரில் அவசரமாக வெளிவந்தன. 1964-ஆம் ஆண்டுப் பதிவுகள் 2014 டிசம்பரில் வந்தன. ஆண்டு முடிவதற்குள் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளும் ஓட்டம் அது.

ஆனால் இப்படிப்பட்ட பெட்டிகளால் எனக்குக் கிடைத்தது வேறு. ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டை (1966) பல ஆண்டுகள் தேய்ந்துபோன ஒரு கேசட்டில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் ‘ஹியர் டுடே’ பாட்டின் நடுவே, வாத்தியங்கள் மட்டும் வரும் இடத்தில், யாரோ இரண்டு பேர் பேசிக்கொள்வது மெல்லக் கேட்கும். என் கேசட்டில் வேறு ஏதோ பதிவு கலந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது மூலப் பதிவிலேயே இருக்கிறது. பாடுவதற்காக நின்றவர்கள் கேமராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ‘மறுபடி மேலிருந்து’ என்று பிரையன் நாடாவைத் திருப்பச் சொல்கிறார். பிரையனுக்கு வலது காது அநேகமாகக் கேட்காமல் இருந்தது. ஆகவே அவர் தன் ஒலிக்கலவையை மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும்படிதான் முடித்தார். 1997-இல் ‘பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்’ பெட்டியில் மூல நாடாக்களிலிருந்து இரண்டு தடங்களாகப் பிரித்த ஸ்டீரியோ வடிவம் செய்தபோது அந்தப் பேச்சு போய்விட்டது. ஸ்டீரியோ துல்லியமாக இருக்கிறது. ஆனாலும் அந்த இடம் வரும்போது, பக்கத்து வீட்டில் ஆள் இல்லாததுபோல எனக்கு ஒரு வெறுமை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே பெட்டியில் ‘கேரலைன் நோ’ பாட்டில் பிரையனின் குரல் கனமாக ஒலிக்கிறதே, அது வேறு பதிவா?

அதே பதிவுதான். வேகம்தான் வேறு. இளமையாக ஒலிக்க வேண்டும் என்று நாடாவைச் சற்று வேகமாக ஓட்டச் சொன்னவர் அவருடைய தந்தை மர்ரி வில்சன். நாம் இத்தனை ஆண்டுகள் கேட்டது வேகம் கூட்டிய குரல். பெட்டியில் பாடியபடியே இருக்கும் குரலும் கிடைக்கிறது. எனக்கு அதுதான் உயர்வு. சோர்ந்துபோன ஒருவன் பாட வேண்டிய பாட்டு அது. (அதே பெட்டியில், ஸ்டுடியோவுக்குள் ஒரு குதிரையைக் கொண்டுவரலாமா என்று ஒலிப்பதிவாளர் சக் பிரிட்ஸிடம் பிரையன் கேட்பதும் இருக்கிறது. பாட்டின் முடிவில் குரைப்பவை அவருடைய நாய்கள், பனானாவும் லூயியும்.)

மர்ரியைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொரு நாடாவையும் சொல்லிவிடுகிறேன். குழுவின் மேலாளர் பொறுப்பிலிருந்து பிள்ளைகள் 1964-இல் அவரை நீக்கிவிட்டார்கள். 1965-இல் ‘ஹெல்ப் மீ ரோண்டா’வுக்குக் குரல் பதிவு செய்யும்போது அவர் ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார். எப்படிப் பாட வேண்டும் என்று அதட்டிக்கொண்டே இருக்கிறார். ‘நானும் மேதைதான்’ என்கிறார். 22 வயதுப் பிரையன் முதலில் பணிந்தே பேசுகிறார்: அமைதியான சூழலில் பதிவு செய்ய விரும்புகிறோம் என்கிறார். பிறகு பொறுக்க முடியாமல், எனக்கு மிஞ்சியிருப்பது ஒரே காது, அதையும் உங்கள் பெரிய குரல் கொல்கிறது என்று கத்துகிறார். ரசிகர்களிடையே கைமாறிக் கைமாறிப் பரவிய நாடா அது. ஒருமுறைதான் முழுதாகக் கேட்டேன். ஒரு வீட்டின் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டதுபோல இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குதூகலமான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அதைப் பாடி முடிக்க அவர்கள் எதைத் தாண்டினார்கள் என்பதும் சேர்ந்தே கேட்கிறது. இதே மர்ரிதான் 1969-இல் பிரையனின் பாடல்களின் வெளியீட்டு உரிமையை 7,00,000 டாலருக்கு விற்றார்.

கேள்வி: சார்லஸ் மேன்சன் எழுதிய பாட்டை மறுவெளியீடுகளிலிருந்து நீக்கிவிடலாமே?

வேண்டாம். நீக்கினால் நடந்தது நடக்காததாக ஆகிவிடுமா?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேன்சன், 1969 ஆகஸ்டில் தன் கூட்டத்தாரை ஏவி ஏழு பேரைக் கொல்ல வைத்தவர். 1968 வசந்த காலத்தில் சாலையோரம் கை காட்டிய இரண்டு பெண்களை பிரையனின் தம்பியும் குழுவின் டிரம்மருமான டென்னிஸ் வில்சன் தன் காரில் ஏற்றிக்கொண்டார். சில நாட்களில் சன்செட் பூலிவார்டில் இருந்த அவருடைய வீட்டில் மேன்சனின் கூட்டமே குடியேறிவிட்டது. அந்தச் சில மாதங்களில் டென்னிஸுக்குக் கரைந்தது ஒரு லட்சம் டாலர் என்று சொல்வார்கள். அவர்களை வெளியேற்ற முடியாமல், கடைசியில் அவரே வீட்டை விட்டுப் போனார். மேன்சனின் ‘சீஸ் டு எக்ஸிஸ்ட்’ என்ற பாட்டு, சொற்கள் மாற்றப்பட்டு, ‘நெவர் லேர்ன் நாட் டு லவ்’ என்ற பெயரில் 1968 டிசம்பரில் ஒரு தட்டின் பின்பக்கத்தில் வந்தது. பிறகு ‘20/20’ தொகுப்பிலும் சேர்ந்தது. எழுதியவர் என்று டென்னிஸின் பெயர் மட்டுமே இருந்தது.

பாட்டு இருக்கட்டும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பது கூடவே அச்சாகியிருக்க வேண்டும். பின்னணி தெரியாமல் ஒருவர் அதைக் காதல் பாட்டாகக் கேட்கக் கூடாது.

இங்கே என் மனவருத்தத்தையும் சொல்ல வேண்டும். மேன்சனைப் பற்றிக் கேட்டு ஒன்பது கடிதங்கள் வந்தன. பிரையனின் வீட்டு ஸ்டுடியோவில் மேன்சன் பாடிய நாடா எங்கே, எப்போது வரும் என்று ஆவலோடு கேட்டவர்களும் உண்டு. 1969 ஆகஸ்டில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் பெயரைக்கூட ஒரு கடிதமும் சொல்லவில்லை. ஷரன் டேட், ஜே செப்ரிங், அபிகெய்ல் ஃபோல்ஜர், வோய்சியெக் ஃப்ரைகோவ்ஸ்கி, ஸ்டீவன் பேரன்ட், லெனோ லாபியங்கா, ரோஸ்மேரி லாபியங்கா. ஷரன் நிறைமாத கர்ப்பிணி. ஸ்டீவனுக்கு 18 வயது. ஷரன் இருந்த வீட்டுக் காவலாளியைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பையன். அந்த நாடா வெளிவர வேண்டும் என்று ஒருநாளும் நான் கேட்க மாட்டேன்.

கேள்வி: ‘பெட் சவுண்ட்ஸ்’ தட்டுக்கு அடுத்து வர வேண்டிய ‘ஸ்மைல்’ தொகுப்பு ஏன் அப்போதே வரவில்லை?

காரணம் ஒன்றல்ல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1966 நவம்பரில் நெருப்பைப் பற்றிய ஒரு பகுதியைப் பதிவு செய்தபோது வாத்தியக்காரர்களுக்கெல்லாம் பொம்மைத் தீயணைப்புத் தொப்பி மாட்டிவிட்டார் பிரையன். அந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் தீ விபத்து நடந்ததாகக் கேள்விப்பட்டதும், தன் இசைதான் காரணமோ என்று அஞ்சி அதை ஒதுக்கிவிட்டார். விளையாட்டும் நோயும் ஒரே அறையில் இருந்த காலம். 1967-இல் கைவிட்ட அந்த நாடாக்கள் 2011-இல்தான் ‘ஸ்மைல் செஷன்ஸ்’ ஆக வந்தன.

கேள்வி: மனநல மருத்துவர் லேண்டி அவரைக் காப்பாற்றினாரா, கெடுத்தாரா?

யூஜீன் லேண்டி உளவியலாளர். முதலில், நோயால் முடங்கிக் கிடந்த பிரையனைப் படுக்கையிலிருந்து எழுப்பினார், உண்மை. பிறகு 1988-இல் பிரையனின் தனித் தொகுப்பில் பாடல்களுக்கே பங்காளியாகத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். 1989-இல் தொழில் உரிமத்தை இழந்தார். 1992-இல் நீதிமன்றம் அவர் பிரையனை அணுகவே கூடாது என்றது. நோயாளியின் பாட்டில் தன் பெயரை எழுதுபவரை என்னால் மருத்துவராக எண்ண முடியவில்லை.

கேள்வி: மேன்சன் விவகாரத்துக்குப் பிறகும் டென்னிஸைக் கேட்க முடிகிறதா?

முடிகிறது. அவருடைய தனித் தொகுப்பு ‘பசிபிக் ஓஷன் ப்ளூ’ (1977) நெடுங்காலம் கிடைக்காமலே இருந்து, 2008-இல் ‘பேம்பூ’ என்ற முற்றுப்பெறாத அடுத்த தொகுப்பின் பதிவுகளோடு மீண்டும் வந்தது. கரகரத்து உடைந்த குரல். வில்சன் சகோதரர்களில் உண்மையாகவே அலைச்சறுக்கு ஆடியவர் அவர் ஒருவர்தான். 1983 டிசம்பர் 28 அன்று மரினா டெல் ரே படகுத்துறையில் மூழ்கி இறந்தபோது வயது 39. அந்த மறுவெளியீட்டில் ‘ஹோலி மேன்’ என்று ஒரு பாட்டு. டென்னிஸின் குரல் இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் மிஞ்சியது. ராக் இசைக்கலைஞர் டெய்லர் ஹாகின்ஸ் பாடிய ஒரு வடிவமும் சேர்த்திருக்கிறார்கள், அன்போடுதான் பாடியிருக்கிறார். நான் குரல் இல்லாததைத்தான் போடுகிறேன். வாத்தியங்கள் பாடகருக்கு இடம் விட்டு ஒதுங்கும் இடங்கள் அதில் தெளிவாகத் தெரிகின்றன.