ஆபரேஷனுக்குப் பின் வரும் குழப்பம்: மயக்க மருந்து மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த மறுநாள் ராத்திரி என்னையே யார் என்று கேட்டார். காலையில் தெளிவாகிவிட்டார். மறதி நோயா?

பதில்: மறதி நோய் ஒரே ராத்திரியில் வராது. திடீரென வந்து, ஏறி இறங்கி, கவனம் நிற்காமல் போவது டெலிரியம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆக்சிஜன், சோடியம், கிருமித்தொற்று, சிறுநீர் அடைப்பு, வலி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ரத்தத்தில் எபிஜெனடிக் மாற்றத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாமாமே? எந்த லேபில் எடுக்கலாம்?

பதில்: லேபில் எடுக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் நல்ல கேள்வி. டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலே, அதன் மேல் மீத்தைல் என்ற சிறு வேதிக்குறி ஒட்டுவதால் ஒரு ஜீன் அடங்கலாம். குறி குறைந்தால் ஜீன் கூடுதலாக வேலை செய்யலாம். இதுதான் எபிஜெனடிக் மாற்றம். வயதாக ஆக இந்தக் குறிகள் மாறும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் கென் ஷினோசாகியின் குழு, டெலிரியம் வந்தவர்களின் ரத்தத்தில் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சி ஜீனில் வயதோடு இந்தக் குறி குறைவதைக் கவனித்தது. ஆபரேஷன் உடம்பில் அழற்சியைத் தூண்டும். முதியவர்களில் அது அடங்காமல் மூளையைத் தொடுகிறது என்ற கருத்தோடு இது பொருந்துகிறது.

சிக்கல் எங்கே என்றால், ரத்தம் மூளை அல்ல. அதோடு ஆபரேஷன் முடிந்ததும் ரத்த வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் வகை கூடும், லிம்ஃபோசைட் வகை குறையும். ஒவ்வொரு வகை அணுவுக்கும் குறி அமைப்பு வேறு. அணுக்களின் விகிதம் மாறினாலே குறியின் சராசரியும் மாறிவிடும். அதைக் கணக்கில் கழிக்காத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: முழு மயக்கம் கொடுத்ததால்தானே? முதுகில் ஊசி போட்டிருந்தால் வந்திருக்காதே?

பதில்: 2021இல் வந்த ரீகெய்ன் ஆய்வில் இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரைப் பார்த்தார்கள். முதுகு ஊசியில் 20.5 சதவீதம், முழு மயக்கத்தில் 19.7 சதவீதம் பேருக்கு டெலிரியம். வித்தியாசம் இல்லை.

கேள்வி: என் மாமியாருக்கும் மயக்க ஊசியால்தான் வந்தது.

பதில்: இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ரீகெய்னில் முதுகு ஊசிக்காரர்களுக்கும் தூக்க மருந்து கொடுத்தார்களே! அப்புறம் எப்படி ஒப்பிடுவது?

பதில்: நியாயமான ஆட்சேபம். அதனால்தான் சீனாவில் நடந்த ராகா ஆய்வு முக்கியம். 950 பேர், முதுகு ஊசிக்காரர்களுக்குத் தூக்க மருந்தே கிடையாது. முதுகு ஊசியில் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1 சதவீதம் பேருக்கு டெலிரியம், அங்கும் முதுகு ஊசி ஜெயிக்கவில்லை. இரண்டு ஆய்வும் டெலிரியத்தைத் தேடிய விதம் வேறு, அதனால் 20ஐயும் 6ஐயும் ஒப்பிடாதீர்கள். ஊசியைப் பற்றிச் சண்டை போடும் நேரத்தில் அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுபோய்க் கொடுங்கள். பகலில் உட்கார வையுங்கள், ராத்திரி விளக்கை அணையுங்கள். இவை உதவும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: தூக்கமே இல்லை, அல்பிரசோலம் ஒன்று கொடுக்கலாமா?

பதில்: கூடாது என்று இப்போதுதான் சொன்னேன். அலர்ஜி மாத்திரையான அவிலும் கூடாது. ஆனால் வருடக்கணக்காகத் தூக்க மாத்திரை சாப்பிட்டவரோ தினமும் குடித்தவரோ திடீரென நிறுத்தினால் அதனாலேயே குழப்பம் வரும், வலிப்பும் வரலாம். கௌரவம் பார்த்துக் குடிப் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: அம்மா கத்தவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறார். ஓய்வெடுக்கட்டும் என்கிறார்கள்.

பதில்: அமைதியான டெலிரியமாக இருக்கலாம், பெரும்பாலும் கண்ணில் படாமல் போவது இதுதான். எழுப்பிப் பேசுங்கள். பேச்சு பாதியில் நின்றால் டூட்டி டாக்டரை உடனே கூப்பிடுங்கள்.