லாஸ்ட் கோஸ்ட்: வற்ற நேரத்தில் போயும் அலை மறித்தது ஏன்?

கலிஃபோர்னியாவின் லாஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பாதையில் நடப்பதென்றால், கடல் முழுதாக வற்றும் நேரத்தில் புறப்படாதீர்கள், அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்குங்கள். 'கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணைப்படி சரியாகத்தான் போனோம், ஆனால் சீ லயன் கல்ச் என்ற பள்ளத்தைத் தாண்டியதும் அலை மலையடிவாரம் வரை வந்துவிட்டது' என்கிறீர்கள். நீங்கள் நுழைந்தபோதே கடல் ஏறத் தொடங்கியிருக்கும்.

அங்கிருந்து ராண்டல் க்ரீக் ஓடை வரை ஆறேழு கிலோமீட்டர். சாதாரண மண் பாதையென்றால் ஒன்றரை மணி நேரம். இங்கே தேங்காய் அளவு உருண்டைக் கற்கள், மிதித்ததும் உருளும், கணுக்கால் மடங்கும். முதுகில் கரடிப்பெட்டியும் (கரடி திறக்க முடியாத உணவுப்பெட்டி) சேர்ந்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். அட்டவணை கோடைநேரத்தில் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் நேரம்) இருக்கிறதா, வழக்கமான திட்டநேரத்திலா? சில அச்சு அட்டவணைகள் திட்டநேரத்தையே தரும். கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பாதையின் தென்முனையில் இருக்கும் ஷெல்டர் கோவ் ஊருக்கான கணிப்பையே எடுங்கள், சான் பிரான்சிஸ்கோ கணக்கு இங்கே உதவாது.

மில்லர் ஃப்ளாட்டிலிருந்து கிட்செல் க்ரீக் வரையும் இதே நெருக்கடிதான். அதை மறுநாள் வற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைக்காதீர்கள்.

அட்டவணை நீர்மட்டத்தை மட்டும்தான் சொல்லும், அலையின் உயரத்தைச் சொல்லாது. புயல் அலை அடிக்கும் நாளில் நல்ல வற்றத்திலும் வழி கிடைக்காது. முதல் முனையிலேயே ஈரம் பாறையைத் தொட்டிருந்தால், தயவுசெய்து திரும்பிவிடுங்கள்.