ஐம்பது வயதில் கம்பம் ஏறலாமா? போல் ஃபிட்னஸ் கேள்வி பதில்

செங்குத்தான கம்பத்தைப் பிடித்து ஏறியும் சுழன்றும் செய்யும் உடற்பயிற்சிதான் போல் ஃபிட்னஸ். நாற்பதைத் தாண்டியபின் அதைக் கற்க நினைப்பவர்களும், அண்மையில் தொடங்கியவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் 47 வயதில் தொடங்கியவள். இப்போது என்னிடம் படிப்பவர்களில் பெரும்பாலானோர் என் வயதை ஒட்டியவர்கள்தான். பயிற்றுநராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நோய், மாத்திரை என்று வரும் இடங்களில் உங்கள் மருத்துவரின் சொல்லே முடிவானது.

அக்கா, எனக்கு 53 வயது. ஒரு புல்-அப் கூட வராது. ஆறு மாதம் ஜிம்முக்குப் போய்க் கையில் பலம் ஏற்றிக்கொண்டு அப்புறம் சேரலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

வேண்டாம், இப்போதே சேருங்கள். முதல் சில வாரங்களில் உங்கள் முழு எடையையும் கை தாங்க வேண்டியிருக்காது. கம்பத்தைச் சுற்றி நடப்பது, ஒரு கையில் பிடித்துச் சாய்வது, ஃபயர்மேன் ஸ்பின் என்ற எளிய சுழற்சியில் தரையை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவது, இப்படித்தான் தொடங்கும். கால் எப்போதும் தரைக்கு அருகிலேயே இருக்கும். கம்பத்துக்கு வேண்டிய பலம் கம்பத்தில்தான் நன்றாக வரும்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. முதல் ஒன்றிரண்டு மாதங்களில் பலம் வேகமாகக் கூடுவதுபோல் இருக்கும். அதில் பெரும்பங்கு, ஏற்கெனவே இருக்கும் தசையை நரம்பு மண்டலம் முழுதாக வேலைவாங்கப் பழகுவதால் வருவது. தசையும் மெல்லத் தேறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மட்டும் பின்தங்கும். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, பளுவுக்குப் பழக மாதக் கணக்கில் ஆகும், வயது ஏறினால் இன்னும் தாமதம். ஆகவே மூன்றாவது மாதத்தில் உங்களால் செய்ய முடிகிற அளவுக்கும், உங்கள் முழங்கையும் தோளும் தாங்குகிற அளவுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழும். மூத்த மாணவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில் வருவதைத்தான் பார்க்கிறேன்.

வாரம் இரண்டு வகுப்பு போதும், நடுவே முழுதாக இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். ஒரு அசைவு நன்றாக வந்துவிட்ட நாளில் அதையே திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். அன்றைக்குத்தான் நிறுத்திப் பழக வேண்டும்.

49 வயது, சேர்ந்து மூன்று மாதம். வலது முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது. கதவுப் பிடியைத் திருகினாலே சுருக்கென்கிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார் பயிற்றுநர்.

பழகிச் சரியாகும் வலி இல்லை இது. தோல் எரிவதும் தொடையில் நீலம் பாய்வதும் பழகும். மூட்டருகே ஒரே புள்ளியில் வரும் வலி பழகாது, வளரும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கோல்ஃபர்ஸ் எல்போ என்பதற்குப் பொருந்துகின்றன. விரல்களை மடக்கும் தசைகள் முழங்கையின் உட்பக்க எலும்பில் வந்து சேரும் இடத்தில் ஏற்படும் சேதம் அது. கம்பத்தைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பவர்களுக்கும், ஸ்ப்ளிட் கிரிப்பில் மேல்கையால் இழுத்துக் கீழ்க்கையால் தள்ளும் பயிற்சியை அதிகம் செய்பவர்களுக்கும் வரும்.

முழு ஓய்வு எடுத்தால் வலி அடங்கும், திரும்பி வந்ததும் மறுபடி தொடங்கும். பளுவைக் குறைத்துத் தொடர்வதுதான் வழி. ஸ்ப்ளிட் கிரிப்பையும் ஒற்றைக்கையில் தொங்குவதையும் சில வாரம் விட்டுவிடுங்கள். வீட்டில் மேசைமேல் முன்கையை வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கிலோ டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மெல்லக் கீழே இறக்குங்கள். மேலே ஏற்ற மறுகையின் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் அளவு அதிகமாகிவிட்டது என்று பொருள். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள், அது நரம்பு அழுந்துவதாக இருக்கலாம்.

ட்விஸ்டட் கிரிப் என்று ஒன்றைச் சொல்லித்தர வந்தால் மறுத்துவிடுங்கள். மேல்கையை உட்புறமாகத் திருகிக் கொடுத்துத் தோளில் முழு எடையையும் ஏற்றும் பிடி அது. இளையவர்களுக்கே அதை நான் தாமதமாகத்தான் தருகிறேன்.

சகோதரி, வயது 58, ஆண். இது பெண்களுக்கானது என்கிறார்கள். நான் வரலாமா?

தாராளமாக வாருங்கள் அண்ணா. மல்லகம்பமும் சர்க்கஸில் ஏறும் சீனக் கம்பமும் ஆண்கள் வளர்த்த கலைகள்தான். போல் விளையாட்டுப் போட்டிகளிலும் ஆண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

ஆண்களுக்குக் கைப்பலம் முதலிலேயே ஓரளவு இருக்கும், தோளும் இடுப்பும்தான் இறுகிப்போயிருக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று இரு கைகளையும் காதோரமாக உயர்த்திப் பாருங்கள். கீழ்முதுகு வளையாமல் கட்டைவிரல் சுவரைத் தொட்டால் நல்லது. தொடாவிட்டால் முதல் இரண்டு மாதம் தலைக்குமேல் பிடித்துத் தொங்கும் எதையும் செய்யாமல், தோளின் அசைவைக் கூட்டும் பயிற்சியோடு தொடங்குங்கள். பலமாக இருக்கிறோமே என்று பலத்தாலேயே எல்லாவற்றையும் இழுத்துச் செய்வது ஆண்களிடம் நான் பார்க்கும் பெரிய சிக்கல்.

போன வருடம் உறைந்த தோள் வந்து இப்போதுதான் சரியானது. வயது 51, சர்க்கரையும் உண்டு. பயமாக இருக்கிறது.

உறைந்த தோள் பெரும்பாலும் 40க்கும் 60க்கும் இடையில் வருவது. சர்க்கரை இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். ஒரு தோளில் வந்தவர்களுக்கு மறு தோளிலும் வரலாம் என்பதால் இரண்டையும் கவனியுங்கள். கை முழுதாக மேலே போகிறதா, முதுகுக்குப் பின்னால் எட்டுகிறதா, இரவில் வலி இல்லையா? மூன்றும் சரி என்றால் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்கலாம்.

கம்பத்தைப் பிடித்ததும் எடையை ஏற்றுவதற்கு முன் தோள்பட்டையைக் காதிலிருந்து கீழே இறக்கி, அக்குளை இறுக்குங்கள். அப்போது எடையை முதுகின் அகன்ற தசை வாங்கிக்கொள்ளும். தோளைத் தளர்த்திவிட்டுத் தொங்கினால் அதே எடை மூட்டின் பட்டைநார்களிலும் சுழல்தசைகளிலும் போய் விழும். என் வகுப்பில் முதல் மாதம் முழுக்க, கால் தரையில் இருக்க, இதைத்தான் செய்யச் சொல்வேன். சலிப்பாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், தோளைக் காப்பது அதுதான்.

மாதவிடாய் நின்று மூன்று வருடம். எலும்பு அடர்த்தி குறைவு, ஆஸ்டியோபீனியா என்று அறிக்கை வந்திருக்கிறது. எலும்புக்கு இது நல்லதா, ஆபத்தா?

இரண்டும் உண்டு. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. எலும்பைத் தக்கவைக்கப் பளு வேண்டும். கையிலும் தோளிலும் பளு ஏற்ற இந்தப் பயிற்சி அருமையானது. ஆனால் முறிந்தால் பெரும் தொல்லை தரும் இடங்கள் இடுப்பும் முதுகெலும்பும். அவற்றுக்குக் கம்பம் மட்டும் போதாது. எடை தூக்கி ஸ்குவாட், டெட்லிஃப்ட் செய்வதை வாரத்தில் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் முன்னேறவும் அது உதவும்.

ஆபத்து இரண்டு வழியில் வரும். ஒன்று விழுவது. இன்னொன்று, முதுகைக் கூனிக்கொண்டோ திருகிக்கொண்டோ அதன்மேல் எடை ஏற்றுவது. தடிமனான மெத்தை இல்லாமல் தரையைவிட்டு ஏறாதீர்கள், உயரத்திலிருந்து சட்டென்று இறங்கும் டிராப் வகைகள் வேண்டாம். அடர்த்தி இன்னும் குறைந்து ஆஸ்டியோபோரோசிஸ் ஆகிவிட்டவர்கள், முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு உள்ளவர்கள், மருத்துவரின் தெளிவான அனுமதி இல்லாமல் வர வேண்டாம்.

62 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன், அளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது. தலைகீழாகத் தொங்கலாமா?

மருத்துவர் சரி என்றால், படிப்படியாக, சில நொடிகள் மட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால் தூக்கும்போது வாய்விட்டு எண்ணுங்கள், எண்ணினால் மூச்சு அடங்காது. இறங்கியதும் உடனே நிமிராமல் சற்றுக் குனிந்திருந்து எழுங்கள்.

கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் விழித்திரையில் சிக்கல் உள்ளவர்களுக்கும் தலைகீழ் வேண்டாம். தலை கீழே போனால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பயிற்றுநரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சாதாரணமாக வரும் நீலமே பெரிதாகிவிடும். தலைசுற்றல் உள்ளவர்கள் சுழலும் கம்பத்தை விட்டு, பூட்டி வைத்த கம்பத்தில் மட்டும் பழகலாம்.

தலைகீழ் இல்லாமலே இந்தப் பயிற்சியில் பல வருடம் கற்க இருக்கிறது. ஸ்பின், ஏறுதல், அமர்தல், தரையசைவு எல்லாம் தலை மேலே இருக்கும்போதே செய்பவை.

அந்தக் குட்டை உடை அவசியமா? காலில் நரம்பு புடைத்திருக்கிறது, கூச்சமாக இருக்கிறது.

முதல் சில வாரங்களுக்குத் தேவையில்லை. கைப்பிடியில் செய்யும் ஸ்பின்களுக்கு நீளமான லெகிங்ஸே போதும். தொடையால் கம்பத்தைப் பற்றி அமரும் பாடம் வரும்போது ஷார்ட்ஸ் வேண்டும், ஏனென்றால் துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். அதற்கும் மாற்று வந்துவிட்டது. உட்பக்கம் பிடிமானப் பூச்சு உள்ள லெகிங்ஸ் கிடைக்கிறது, சிலிகான் உறை போட்ட கம்பமும் உண்டு. புடைத்த நரம்பு வலிக்கிறது, கனக்கிறது என்றால் மட்டும் அந்த இடத்தில் அழுத்தம் கொடுக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வகுப்பில் எல்லோருக்கும் தன் கை வழுக்குகிறதா என்பதுதான் கவலை, உங்கள் கால்மேல் யாருக்கும் கண் இருக்காது.

கை வழுக்கிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்தும் நிற்கவில்லை.

வியர்வையா, வறட்சியா என்று முதலில் பாருங்கள், இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர். வியர்த்தால் திரவ சாக் (கையை உலர வைக்கும் வெள்ளைப் பூச்சு) தடவிக் காயவிடுங்கள். வயதோடு தோல் வறண்டுபோனவர்களுக்குச் சாக் நிலைமையை மோசமாக்கும், அவர்கள் பிசுபிசுப்புத் தரும் பிடிமான மருந்தைத் தேட வேண்டும். வகுப்பன்று கை கால்களில் க்ரீம், எண்ணெய் எதுவும் கூடாது. கம்பத்தை ஸ்பிரிட் கொண்டு துடையுங்கள். கம்பம் சில்லென்று இருந்தாலும் வழுக்கும், கையால் தேய்த்துச் சூடாக்குங்கள்.

கம்பத்தின் பருமனும் ஒரு காரணம். 45 மில்லிமீட்டர் கம்பம் பரவலானது. சிறிய கை என்றால் 40 எளிது. குரோமைவிடப் பித்தளை நன்றாகப் பிடிக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பவுடர் பூச்சு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு கம்பம் வாங்கிப் போட்டுக் கற்றுக்கொள்ளலாமா?

பழகுவதற்கு வாங்கலாம், கற்றுக்கொள்வதற்கு வேண்டாம். உங்கள் தோள் உயர்ந்திருப்பதைக் கண்ணாடி காட்டும், ஆனால் கையைப் பிடித்துத் திருத்தாது. வாங்கினால், தரைக்கும் கூரைக்கும் நடுவே அழுத்தி நிறுத்தும் கம்பத்துக்கு மேலே கான்கிரீட்டோ உறுதியான உத்தரமோ இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ரசமட்டம் வைத்துச் செங்குத்தைப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஏறுமுன் இறுக்கத்தைச் சோதியுங்கள். சுற்றிலும் உங்கள் கால் நீட்டினால் எதுவும் படாத இடம் வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது புதிய அசைவு எதையும் முயற்சி செய்ய வேண்டாம்.

என்னோடு சேர்ந்த இருபது வயதுப் பெண்கள் எல்லோரும் இன்வர்ட், அதாவது கம்பத்தில் தலைகீழாகத் திரும்புவது, செய்துவிட்டார்கள். எனக்கு 54. என்றைக்காவது வருமா?

பெரும்பாலும் வரும். ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம். நாள்கணக்கை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் ஏற முடிகிறதா? நின்ற இடத்திலிருந்து குதிக்காமல் இரு முழங்காலையும் மார்புக்கு இழுத்து மூன்று நொடி நிறுத்த முடிகிறதா? உதவியோடு தலைகீழான பிறகு, மெல்ல, கட்டுப்பாட்டோடு இறங்க முடிகிறதா? மூன்றும் வந்தால் இன்வர்ட் தானாக வரும். காலை உதறி எம்பிக்குதித்து ஏறும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், தொடையின் பின்தசையும் தோளும் அடிபடுவது அதில்தான்.

ஒப்பிட்டுக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் உங்கள் வயதில் தேடுங்கள். அமெரிக்காவின் கிரெட்டா பொன்டரெல்லி 59 வயதில் கம்பத்தைத் தொட்டு, பிறகு மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் பிரிவில் உலகப் பட்டம் வென்றவர். சர்வதேசப் போட்டிகளில் 40ஐத் தாண்டியவர்களுக்கும் 50ஐத் தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவுகளே இருக்கின்றன. பக்கத்துக் கம்பத்துப் பெண்ணுக்கு உடல் ஒரே இரவில் தேறிவிடும், உங்களுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரே பாடத்தை இருவரும் ஒரே வேகத்தில் முடிக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

மேடம், என் அம்மாவுக்கு 66. இதைப் பார்த்துவிட்டுச் சேர வேண்டும் என்கிறார். விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். தடுப்பதா, விடுவதா?

தடுக்காதேம்மா. 65ஐத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்கும் சேர்த்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வயதானவர்களுக்கு அதில் மனம் ஒட்டுவதே கடினம். அம்மாவுக்குத் தானாகவே ஆசை வந்திருக்கிறது, அதைக் கெடுத்துவிடாதே.

உன் பயத்தை இடம் தேர்ந்தெடுப்பதில் காட்டு. ஒரு கம்பத்துக்கு எத்தனை பேர், மெத்தை எல்லாக் கம்பத்துக்கும் இருக்கிறதா, முதல்முறை ஏறுபவர்களைப் பயிற்றுநர் பக்கத்தில் நின்று தாங்குகிறாரா என்று பார். “முழங்கால் மடக்க முடியாத ஒருவருக்கு இந்த அசைவை எப்படி மாற்றித் தருவீர்கள்?” என்று அவரிடமே கேள். பதில் உடனே வந்தால் அங்கே சேர்க்கலாம். “எல்லாரும் செய்கிறார்களே, வந்துவிடும்” என்றால் வேறு இடம் பார். கடந்த ஒரு வருடத்தில் அம்மா விழுந்திருக்கிறாரா, என்னென்ன மாத்திரை எடுக்கிறார், எந்த மூட்டில் அறுவை சிகிச்சை நடந்தது என்று ஒரு தாளில் எழுதி, முதல் வகுப்புக்கு முன்பே பயிற்றுநர் கையில் கொடுத்துவிடு.