சத்து மாத்திரை நடைக்கு ஈடாகுமா?

கேள்வி: வயது 56. ஒன்பது வருடமாக டைப் 2 சர்க்கரை, பிரஷரும் உண்டு. மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் மட்டும் போடுகிறேன். வேலைப்பளுவில் நடைப்பயிற்சி விட்டுப்போய்விட்டது. மெக்னீசியம், குரோமியம், துத்தநாகம் சேர்ந்த மாத்திரை சர்க்கரைக்காரர்களின் இதயத்துக்கு நல்லது என்கிறார் நண்பர். நடைக்குப் பதில் அதைப் போடலாமா? இப்போதெல்லாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சதை போட்டதால் இருக்கும்.

பதில்: கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பல வருடச் சர்க்கரையில் நரம்புகள் மந்தமாகிவிடுவதால், இதயத்துக்கு ரத்தம் போதாதபோதும் சிலருக்கு நெஞ்சுவலியே வருவதில்லை, வெறும் மூச்சிரைப்பு, திடீர் வியர்வை, அசதி என்றுதான் காட்டும். சதை போட்டதாகவும் இருக்கலாம், ஆனால் அதை நீங்களும் நானும் முடிவு செய்யக்கூடாது. ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள், அதுவரை வேகநடையோ எடை தூக்குவதோ வேண்டாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ அவசர சிகிச்சைக்கே போய்விடுங்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஈடாகாது. மெக்னீசியம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, குறைவு அதிகமானால் இதயத்துடிப்பும் தாறுமாறாகும் என்பது உண்மைதான். சர்க்கரை ஏறிச் சிறுநீர் அடிக்கடி போகிறவர்களுக்கும், நீர் பிரியும் மாத்திரையோ வயிற்று அமிலத்துக்கான மாத்திரையோ நெடுநாள் போடுகிறவர்களுக்கும் அது குறையலாம். அப்படிக் குறைந்திருந்தால் மாத்திரை உதவும். குறைவே இல்லாதவருக்கு இதைப் போட்டால் மாரடைப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குரோமியத்தின் கதையும் அதுதான். பற்றாக்குறை இல்லாதவர்களுக்கு இத்தகைய சத்து மாத்திரைகளை அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் பரிந்துரைப்பதில்லை. துத்தநாகம் அதிக அளவில் மாதக்கணக்கில் உள்ளே போனால் உடம்பில் செம்புச்சத்து குறையும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கும், ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடவே தொடாதீர்கள். அப்புறம், உங்கள் பிரஷர் மாத்திரையின் மருந்துப் பெயர் ‘பிரில்’ அல்லது ‘சார்டான்’ என்று முடிகிறதா பாருங்கள். அப்படி முடியும் மருந்துகள் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கக்கூடும், ஆகவே பொட்டாசியம் கலந்த எந்தச் சத்து மாத்திரையும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம்தான் முதலில் அடிவாங்கும்.

நடை செய்யும் வேலையே வேறு. தசை சுருங்கும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதன் பலன் ஒரு நாளாவது நிற்கும், பிறகு மெல்லத் தேயும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள் என்கிறார்கள். மருத்துவர் சரி என்றதும் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் என்று ஆரம்பியுங்கள், வாரத்துக்கு 150 நிமிடம் வரும்வரை கூட்டிக்கொண்டே போகலாம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம் போதும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப்பயிற்சியும் சேரட்டும். கிளம்புமுன் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவுங்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு உள்ளே கிடக்கும் சின்னக் கல் தெரியாது, சாயங்காலம் புண்ணாகத்தான் தெரியும்.

இன்னொன்று, நீங்கள் சொன்ன மருந்துகளில் கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் இல்லை. 40 வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு அதைப் பொதுவாகவே கொடுப்பார்கள், மாரடைப்பைக் குறைக்கும் என்பதற்குத் தெளிவான சான்றும் உண்டு. ஏன் தரவில்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள், நண்பர் சொன்ன மாத்திரையின் அட்டையையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.