டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் டாம்பாவில் இருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஒருநாள் பக்கத்திலிருக்கும் டார்ப்பன் ஸ்பிரிங்ஸுக்குக் கூட்டிப்போகலாமா என்று யோசனை. முன்பு நான் போனபோது சோப்பும் குளிக்கத் தேய்க்கும் கடற்பஞ்சும் விற்கும் கடைத்தெருவாகத்தான் தெரிந்தது. கிரேக்க மீனவர் ஊர் என்பதெல்லாம் சும்மா வியாபாரத்துக்குத்தானா?

ச., டாம்பா

அன்புள்ள ச.,

கடைத்தெருதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் உருவானதே அந்தப் பஞ்சால்தான். முதலில் படகில் இருந்தபடியே நீளக் கழியில் கொக்கி கட்டிப் பஞ்சைப் பறித்தார்கள். 1905-ல் ஜான் கோகோரிஸ் என்ற கிரேக்கப் பஞ்சு வியாபாரி கிரேக்கத்திலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்தார். செம்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கழி எட்டாத ஆழத்துக்கு அவர்கள் இறங்கினார்கள். காலிம்னோஸ், சிமி, ஹால்கி என்று டோடெக்கனீஸ் தீவுக்காரர்கள் நிறையப் பேர். துறைமுகத் தெருவின் பெயரும் டோடெக்கனீஸ்தான், கவனித்தீர்களா?

மீனவர் என்கிறீர்கள், ஆனால் அவர்கள் தேடிப்போனது மீனை அல்ல. 'கடற்பஞ்சு' என்ற நம் சொல்லும் ஏதோ செடி என்று நினைக்க வைத்துவிடுகிறது. அது விலங்கு. கடலிலிருந்து எடுக்கும்போது கறுப்புத் தோலும் கொழகொழப்புமாக இருக்கும். சதையை அழுகவிட்டு, அடித்துக் கழுவினால் மிஞ்சும் கூடுதான் நாம் முதுகு தேய்ப்பது. காய்ந்த பஞ்சு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், பழைய ரொட்டி போல விறைப்பு. கடைக்காரம்மா அதை வாங்கி வாளித் தண்ணீரில் முக்கித் திரும்பக் கொடுத்தார். உப்பிப்போய், வெந்த இட்லி மாதிரி மெத்தென்று இருந்தது. உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒன்றை நனைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

1940-களில் நோய் வந்து பஞ்சுப் படுகைகள் அழிந்தன, அப்புறம் செயற்கைப் பஞ்சு வந்தது. தொழில் சுருங்கியது. ஆனாலும் முற்றிலும் நின்றுவிடவில்லை, பஞ்சுப் படகுகள் இன்றும் போகின்றன.

மதியம் கிரேக்க சாலட் சாப்பிடுங்கள். இலைதழைக்கு அடியில் உருளைக்கிழங்கு சாலட் புதைந்திருக்கும். கிரேக்கத்தில் அப்படிக் கிடையாது, இந்த ஊர்ப் பழக்கம். பிறகு புனித நிக்கோலஸ் தேவாலயம், அங்கிருந்து ஸ்பிரிங் பேயூ என்ற நீர்நிலை. கடைத்தெருவோடு திரும்பியதுதான் போன தடவை நீங்கள் செய்த தவறு என்று நினைக்கிறேன்.

பெற்றோர் ஜனவரி வரை இருப்பார்களா? அப்படியானால் 6-ம் தேதி போங்கள். அன்று தேவாலயத் திருவிழா, ஸ்பிரிங் பேயூவில் வெள்ளை மரச்சிலுவையை வீசுவார்கள். 16 முதல் 18 வயதுப் பையன்கள் பாய்ந்து மூழ்கித் தேடுவார்கள். எடுத்தவனுக்கு வருடம் முழுக்க ஆசி என்று நம்பிக்கை. கூட்டம் நெரியும், விடிந்ததும் போய் வண்டிக்கு இடம் பிடித்துவிடுங்கள்.