வாக்கர் பிடித்து நடந்தால் பிப் காசு கிடைக்காதா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன், வயது 54. இரண்டு முழங்காலிலும் வாதம். கவுன்சிலில் இருந்து வந்த தெரபிஸ்ட் ஒரு வாக்கரும், இருந்து குளிக்க ஒரு ஸ்டூலும் தந்துவிட்டுப் போனார். வாக்கரோடு 30, 35 மீற்றர் போவேன், பிறகு வலி தாங்காது. இப்போது பிப் (PIP, நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை) படிவம் வந்திருக்கிறது. "வாக்கர் இருக்கு என்று எழுதாதே, நடக்கலாம்தானே என்று மறுத்துவிடுவார்கள்" என்கிறார் மச்சாள். யுனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை) இருந்தும் உடல்நிலை பற்றி ஒரு படிவம் வந்திருக்கிறது. என்ன எழுதுவது?

பதில்: மச்சாள் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்காதீர்கள்.

பிப்பில் நோயின் பெயருக்குப் புள்ளி இல்லை. ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்கிறீர்கள் என்பதற்குத்தான் புள்ளி. நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். துணைக் கருவி இல்லாமல் 20 மீற்றருக்கு மேல், 50 மீற்றருக்குள் நடப்பவருக்கு 8 புள்ளி. அதே தூரத்தைப் பொல்லோ வாக்கரோ பிடித்துத்தான் நடக்கமுடியும் என்றால் 10. அதாவது, வாக்கரைச் சொன்னால் புள்ளி கூடுகிறது. 8 புள்ளிக்குச் சாதாரணத் தொகை, 12 புள்ளிக்குக் கூடிய தொகை. 20 மீற்றருக்கு மேல் போகமுடியாதவருக்கு, வாக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 12.

இனி உங்கள் 30 மீற்றரைப் பார்ப்போம். அதை ஒரு தடவை எப்படியோ நடந்துவிட்டால் போதாது. ஆபத்து இல்லாமல், ஒழுங்காக, தேவையான அளவு திரும்பத் திரும்ப, மற்றவர்கள் எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்குக்குள் செய்ய முடியவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு பிப் விதிகளிலேயே இருக்கிறது. காலையில் 30 மீற்றர் நடந்துவிட்டு அன்று முழுதும் கால் தூக்க முடியாமல் கிடக்கிறீர்களா? அப்படியென்றால் 30 மீற்றர் உங்கள் கணக்கில் வராது. நான் அதிகம் சண்டை பிடிப்பது இந்த இடத்தில்தான். "30 மீற்றர்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எத்தனையாவது மீற்றரில் நின்றீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், மறுபடி நடக்க முடிந்ததா என்று எழுதுங்கள். தூரம் பிடிபடாவிட்டால், வரிசையாக நிற்கும் இரண்டு பஸ்ஸின் நீளம் 20 மீற்றர் அளவு வரும்.

குளிக்கும் ஸ்டூலை மறந்துவிடாதீர்கள். நடப்பதற்கான பகுதியோடு சேராமல் தனியாகப் புள்ளி எண்ணும் அன்றாட வாழ்க்கைப் பகுதியில், கருவி வைத்துத்தான் குளிக்க முடியும் என்றால் 2 புள்ளி. அடுப்படியில் நின்று சமைக்க முடியாமல் உயரமான கதிரை தேவைப்பட்டால் இன்னொரு 2. மலசலகூடத்தில் பிடித்து எழும்பக் கம்பி வேண்டுமா, உடுப்புப் போடக் கருவி வேண்டுமா, அதற்கும் 2, 2. நாலும் சேர்ந்தால் 8, சாதாரணத் தொகை. 2016இல் அரசாங்கம் கடைசி இரண்டுக்குமான புள்ளியைப் பாதியாக வெட்டப் பார்த்தது. பெரிய எதிர்ப்பு எழுந்த பிறகே கைவிட்டது. மற்றவர்கள் போராடிக் காப்பாற்றிய புள்ளியை நாங்கள் வெட்கப்பட்டு விடக்கூடாது.

வெட்கம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாக்கர் கதவுக்குப் பின்னால் நின்றது, அதில் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. அவர் சுவரைப் பிடித்துப் பிடித்தே அடுப்படிக்குப் போய்வருவார். அவர் கை படும் உயரத்தில் பெயின்ற் மேல் நீளத்துக்கு ஒரு அழுக்குக் கோடு. படிவத்திலோ, "கருவி எதுவும் பயன்படுத்துவதில்லை" என்று எழுதியிருந்தார். அந்தச் சுவரை மதிப்பீடு செய்பவர் எப்படிக் காண்பார்? மறைப்பதால் லாபமும் இல்லை. நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும், பயன்படுத்துவது நியாயம் என்று கருதப்படும் கருவி உங்களிடம் இருப்பதாக வைத்தே மதிப்பிடலாம் என்று சட்டம் சொல்கிறது.

சரி, யுனிவர்சல் கிரெடிட் படிவம். இங்கே கணக்கு வேறு, நல்ல கவனம் தேவை. வேலை செய்யும் திறனைப் பார்க்கும் இந்த மதிப்பீட்டில், பொல்லு, கையால் தள்ளும் சக்கர நாற்காலி போன்றவற்றோடு எவ்வளவு தூரம் போவீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். சொந்தமாகச் சக்கர நாற்காலி இல்லாதவரைக்கூட, "இருந்தால் 50 மீற்றர் போவார்" என்று மறுக்கலாம். பிப்பில் அப்படி முடியாது, அங்கே காலில் நின்று நகர்வதுதான் கணக்கு. ஆகவே உங்கள் தோள், மணிக்கட்டு, விரல்களில் வாதம் இருந்தால், சக்கரத்தைத் தள்ள ஏலாது என்றால், அதை இந்தப் படிவத்தில் தெளிவாக எழுதி ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) கடிதமும் வாங்குங்கள். கைகள் நன்றாக இருந்தால் இல்லாததை எழுதவேண்டாம். இரண்டு படிவமும் ஒரே திணைக்களத்துக்குத்தான் போகின்றன, ஒன்றில் 30 மீற்றர் என்றால் மற்றதிலும் அதுவே இருக்கவேண்டும்.

வாக்கர் தந்த தெரபிஸ்டின் அறிக்கையைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கி, பிப் படிவத்தோடு ஒரு பிரதி வையுங்கள். உங்களுக்கு இது தேவை என்று அவர் பார்த்து எழுதியது அதில் இருக்கும். மலசலகூடத்துக்குக் கம்பி வேண்டுமென்றால் அதையும் கவுன்சிலிடமே கேளுங்கள். தேவை என்று அவர்கள் கண்டால், இங்கிலாந்தில் 1,000 பவுண் வரையான சிறு மாற்றங்களுக்குக் காசு எடுக்கக்கூடாது.

பிப் படிவத்துக்கு ஒரு மாதம்தான் தவணை. அறிக்கை வரச் சுணங்கினால் படிவத்தை முதலில் அனுப்பிவிட்டு, அறிக்கை பின்னால் வரும் என்று அதிலேயே எழுதுங்கள். மறுத்து முடிவு வந்தால், கடிதத்தில் உள்ள திகதியில் இருந்து ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்கவேண்டும். அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே போகும்போது வாக்கரோடு போங்கள்.